ஏட்டில் பிறந்த செயற்கை மனிதன் திரைக்கு வந்தபோது

ஃப்ராங்கென்ஸ்டைன் என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் எழுவது என்ன? தட்டையான மண்டை, தையல் போட்ட நெற்றி, கழுத்தின் இரு புறமும் துருத்தி நிற்கும் இரும்பு முளைகள், பாதி மூடிய கண்கள், கனமான காலணிகளோடு தள்ளாடி வரும் ஒரு பூதம். கல்லூரியில் என்னிடம் இயற்பியல் படிக்கும் மாணவர்களைக் கேட்டால் அநேகமாக எல்லோரும் இதையேதான் வர்ணிப்பார்கள். மூல நாவலைப் படித்தவர்கள் அவர்களில் ஓரிருவர்தான்.

இந்த வர்ணனையில் இரண்டு பிழைகள் உள்ளன. ஃப்ராங்கென்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயரன்று. அதை உண்டாக்கிய இளைஞனின் பெயர். நாவலில் அப்படைப்புக்குப் பெயரே வைக்கப்படவில்லை. இது சிறிய பிழை. தட்டை மண்டையும் கழுத்து முளைகளும் நாவலில் எங்கும் இல்லை. 1931-ம் ஆண்டு யூனிவர்சல் நிறுவனம் தயாரித்த படத்திற்காக ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் கற்பித்த உருவம் அது. இதுதான் பெரிய பிழை. ஏனெனில், உருவம் மாறியபோது அதனுடன் கேள்வியும் மாறிவிட்டது.

நாவலாசிரியர் கேட்ட கேள்வி ஒன்று. கொட்டகையை விட்டு வெளியே வரும் ரசிகர் மனத்தில் எடுத்துச் செல்லும் கேள்வி வேறொன்று. செயற்கை மனிதர்களைப் பற்றிய விஞ்ஞானக் கதைகள் திரைக்கு ஏறும்போதெல்லாம் இது நேர்கிறது. நாவல் உயர்ந்தது, சினிமா தாழ்ந்தது என்று சொல்வது என் நோக்கமன்று. ஆனால் செயற்கை அறிவைப் பற்றி இன்று நம்மிடையே நடக்கும் விவாதங்களில் பெரும்பகுதி விஞ்ஞான நூல்களைவிடத் திரைப்படங்களிலிருந்தே பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எனவே, ஏட்டிலிருந்து திரைக்குச் செல்லும் வழியில் எது தொலைந்தது, எது சேர்ந்தது என்று பார்ப்பது வீண் வேலையாகாது.

எரிமலை தந்த நாவல்

1815-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய தூசியும் கந்தக வாயுவும் வானில் பரவிச் சூரிய ஒளியை மறைத்தன. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை எனலாம். 1816-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆங்கிலேயர் சிலர், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பந்தயம் கட்டினர். கவிஞர் பைரன், கவிஞர் ஷெல்லி, மருத்துவர் பாலிடோரி ஆகியோரோடு இருந்தவர் மேரி. அப்போது அவருக்கு வயது 18. அவர் எழுதத் தொடங்கிய கதை 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமலே நூலாக வெளிவந்தது.

மேரி ஷெல்லி காலத்து விஞ்ஞானம் எங்கே நின்றது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். இத்தாலியில் கால்வானி, செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதை ஆராய்ந்து 1791-ல் வெளியிட்டிருந்தார். அவருடைய மருமகன் முறையான ஆல்டினி 1803-ல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் மின்கலத்தின் கம்பிகளை வைத்துக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. பார்த்தவர்களில் சிலர் உயிர் திரும்பிவிட்டதாகவே எண்ணினர். உயிர் என்பது மின்சாரந்தானோ என்ற ஐயம் அக்காலத்தில் படித்தவர்களிடையே உலவியது.

ஆயினும் நாவலைத் திறந்து பாருங்கள். படைப்புக்கு உயிர் வரும் இடம் சில வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. நவம்பர் மாதத்து மழை இரவு, எரிந்து தீரும் மெழுகுவர்த்தி, அருகில் சில கருவிகள். அவ்வளவுதான். கோபுரம் இல்லை, இடியும் மின்னலும் இல்லை. எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல மாட்டேன் என்று விக்டர் ஃப்ராங்கென்ஸ்டைன் வெளிப்படையாகவே மறுத்துவிடுகிறான்.

ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931-ம் ஆண்டுப் படத்தில் நாம் காண்பதோ முற்றிலும் வேறு. உயர்ந்த கோபுரம், புயல், பொறி பறக்கும் இயந்திரங்கள், மேசையோடு உடலைக் கூரைக்கு மேலே தூக்கி மின்னலை வாங்கச் செய்கிறார்கள். கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் என்பவர் அமைத்த அந்த மின்கருவிகள் கண்ணுக்கு விருந்துதான். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மின்னல் வெட்டின் ஆற்றல் ஏறக்குறைய 100 கோடி ஜூல். நின்று துடிதுடிக்கும் இதயத்தை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவர மருத்துவமனைகளில் கொடுக்கும் மின்னதிர்ச்சி 200 முதல் 360 ஜூல் வரைதான். அதுவும் உயிருள்ள செல்கள் தாறுமாறாகத் துடிக்கும்போது அவற்றை ஒரு கணம் அடக்கி, சேர்ந்து துடிக்க வைப்பதற்காகவே. செல் சவ்வின் உள்ளும் புறமும் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் செறிவு வேறுபாடு அழிந்துபோன பிணத்தில் எத்தனை கோடி ஜூலைக் கொட்டினாலும் வெந்துபோகுமேயன்றி எழுந்து உட்காராது. மேரி ஷெல்லி வாய் திறவாமல் இருந்தது அவருடைய சாமர்த்தியம். இரு நூற்றாண்டுகள் கழித்தும் அவரை இயற்பியல் ஆசிரியர்கள் பிடிக்க முடியவில்லை.

முற்றிலும் பிடிக்க முடியவில்லை என்றும் சொல்ல முடியாது. நுண்ணிய உறுப்புகளைக் கையாள்வது கடினம் என்பதால் விக்டர் தன் படைப்பை 8 அடி உயரத்தில் செய்கிறான். 6 அடி மனிதனை அதே அமைப்பில் 8 அடியாக்கினால் எடை (4/3)-ன் மூவடுக்காக, அதாவது 2.37 மடங்காகப் பெருகும். எலும்பின் குறுக்குப் பரப்போ 1.78 மடங்குதான் பெருகும். எலும்பு தாங்க வேண்டிய அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கலிலியோ 1638-லேயே இக்கணக்கைச் சொல்லிவிட்டார். 8 அடி 11 அங்குலம் வளர்ந்த அமெரிக்கரான ராபர்ட் வாட்லோ, காலுக்கு இரும்புத் தாங்கிகள் கட்டியே நடந்தார். 1940-ல் 22 வயதில் இறந்தார். மேரியின் படைப்போ பனிப்பாறைகளில் மானைப்போல் தாவுகிறது. இது ஒரு புறம் இருக்கட்டும்.

ஜாடியில் இருந்த மூளை

நாவலின் உயிர்நிலை உடலில் இல்லை, கல்வியில் இருக்கிறது. கண் திறந்த அக்கணமே, படைத்தவன் அருவருப்படைந்து ஓடிவிடுகிறான். பிறந்த குழந்தை போன்ற அப்படைப்பு காட்டில் தனியே அலைகிறது. குளிர், பசி, நெருப்பு, பறவைகளின் ஒலி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அறிகிறது. பிறகு ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்கிறது; வாசிக்கக் கற்கிறது. மில்டனின் காவியத்தையும் புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளையும் படிக்கிறது. இரவில் விறகு வெட்டி அவர்கள் வாசலில் ரகசியமாக வைக்கிறது. ஒருநாள் துணிந்து, கண் தெரியாத அந்த வீட்டுப் பெரியவரிடம் பேசுகிறது. அவர் அன்போடு பேசுகிறார். அந்நேரம் உள்ளே வந்த மகன் உருவத்தைக் கண்டதும் தடியால் அடித்து விரட்டுகிறான். ஆற்றில் மூழ்கிய ஒரு சிறுமியைக் காப்பாற்றியதற்குக் கூலியாக அதற்குத் துப்பாக்கிக் குண்டு கிடைக்கிறது. அதன் பின்னரே அது கொலை செய்கிறது. செய்த பின் தன்னைப் படைத்தவனை நேருக்கு நேர் சந்தித்து நியாயம் கேட்கிறது. நாவலிலேயே மிக நன்றாகப் பேசும் பாத்திரம் அதுதான்.

1931-ம் ஆண்டுப் படத்தில் இந்தப் பேச்சாளன் ஊமையாக்கப்பட்டான். அது மட்டுமன்று. நாவலில் இல்லாத ஒரு வேலைக்காரன் படத்தில் வருகிறான். மருத்துவக் கல்லூரியில் இரண்டு ஜாடிகளில் இரண்டு மூளைகள் உள்ளன. ஒன்று நல்லது, மற்றொன்று குற்றவாளியினுடையது. நல்ல மூளை இருந்த ஜாடியை அவன் கீழே போட்டு உடைத்துவிட்டு, மற்றதைத் திருடி வருகிறான். அதுவே படைப்பின் தலையில் பொருத்தப்படுகிறது.

இந்த ஒரு ஜாடி நாவலையே தலைகீழாக்கிவிட்டது என்பேன். மேரி ஷெல்லியின் கதையில் தீமை பிறந்தது கைவிடப்பட்டதால். படத்தில் தீமை வந்தது கெட்ட சரக்கைப் பொருத்தியதால். முதலாவதில் விக்டரும், தடியெடுத்த இளைஞனும், துப்பாக்கி எடுத்த உழவனும் பொறுப்பாளிகள். இரண்டாவதில் யாருக்கும் பொறுப்பில்லை. கை தவறிய வேலைக்காரனைத் தவிர. குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி, அவனை மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டே கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலியில் லோம்ப்ரோசோ 1876-ல் எழுதினார். இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் ஆயிரக்கணக்கான கைதிகளை அளந்து பார்த்து, அப்படிப்பட்ட தனி உடலமைப்பு ஏதும் இல்லை என்று 1913-லேயே காட்டிவிட்டார். படம் வந்தது அதற்கு 18 ஆண்டுகளுக்குப் பின். விஞ்ஞானம் கைவிட்ட கொள்கை ஒன்று திரையில் புத்துயிர் பெற்றது. அதை உண்மையென்று நம்பி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

நடிகர் போரிஸ் கார்லோஃபுக்கு இங்கே ஒரு நன்றி சொல்ல வேண்டும். வசனமே இல்லாத அவர், கூரை திறந்து வெளிச்சம் விழும்போது இரு கைகளாலும் அதைத் தொட முயலும் காட்சியைப் பார்த்தவர்கள் அந்த ஜாடியை மறந்துவிடுவார்கள். ஏரிக்கரையில் ஒரு சிறுமி அவரோடு பூக்களைத் தண்ணீரில் மிதக்க விடுகிறாள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்றெண்ணி அவளைத் தூக்கி நீரில் போட்டுவிடுகிறார். அவள் மூழ்கியதும் பதறுகிறார். இது குற்றவாளியின் மூளை செய்யும் காரியமா? ஒன்றும் கற்பிக்கப்படாத குழந்தை செய்யும் காரியம். இயக்குநரும் நடிகரும் சேர்ந்து தங்கள் படத்தின் கதையையே மறுத்துவிட்டார்கள். ஆனால் தணிக்கையாளர் அந்தப் பதற்றத்தை வெட்டிவிட்டதால், பல ஊர்களில் ரசிகர்கள் கண்டது கைகளை நீட்டும் பூதத்தையும், பின்னர் இறந்த மகளை ஏந்திவரும் தந்தையையும் மட்டுமே. இடையில் என்ன நடந்திருக்கும் என்று அவர்கள் ஊகித்தது, உண்மையில் எடுக்கப்பட்ட காட்சியைவிடக் கொடியதாகத்தான் இருந்திருக்கும். வெட்டிய பகுதி மறுபடி சேர்ந்தது 1980-களில்.

1935-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அப்படைப்பு சில சொற்கள் பேசியது. 1994-ல் கென்னத் பிரானா எடுத்த படத்திலும், 2025-ல் கில்லெர்மோ டெல் டோரோ எடுத்த படத்திலும் நன்றாகவே பேசியது. இருந்தும் ஜாடியின் செல்வாக்கு குறைந்தபாடில்லை. 2010-ல் வெளிவந்த நம் "எந்திரன்" படத்தை நினைத்துப் பாருங்கள். சிட்டிக்கு உணர்ச்சி ஊட்டப்படுகிறது, அது காதலிக்கிறது, அதைச் செய்த விஞ்ஞானியே அதை வெட்டிக் குப்பையில் எறிகிறார். இதுவரை மேரி ஷெல்லியின் வழி. அதன் பிறகு ஒருவர் சிவப்புச் சில்லைச் செருகுகிறார். உடனே அது அரக்கனாகிறது. சிவப்புச் சில்லு வேறு, உடைந்த ஜாடிக்குப் பக்கத்திலிருந்த ஜாடி வேறு என்றா நினைக்கிறீர்கள்?

இடையில் ஒரு சொல்

ரோபோ என்ற சொல் பிறந்தது செக் மொழியில். கட்டாய உழைப்பு என்று பொருள்படும் ரொபோட்டா என்பதிலிருந்து அது வந்தது. காரெல் சாப்பெக் 1920-ல் வெளியிட்ட "ஆர்.யூ.ஆர்." நாடகத்தில் அதைப் பயன்படுத்தினார்; சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசெஃப். அந்நாடகத்தின் ரோபோக்கள் இரும்பால் ஆனவையல்ல. வேதிப்பொருள்களிலிருந்து பிசைந்து செய்யப்பட்ட தசையால் ஆனவை. தகர டப்பா உடல் பிற்காலத்து ஓவியர்களும் சினிமாக்காரர்களும் அளித்த சன்மானம்.

அசிமோவின் கதி இன்னும் வேடிக்கையானது. படைப்பு படைத்தவனையே அழிக்கும் கதைகளைப் படித்துச் சலித்துப்போன அவர், அவ்வச்சத்திற்கு ஃப்ராங்கென்ஸ்டைன் மனக்கோளாறு என்றே பெயரிட்டார். ரோபோ ஒரு கருவி, கருவிக்குப் பாதுகாப்பு அமைப்பு இருக்கும் என்பது அவர் வாதம். 1942-ம் ஆண்டுக் கதையொன்றில் மூன்று விதிகளை வகுத்தார். 1950-ல் ஒன்பது கதைகளைத் தொகுத்து "ஐ, ரோபோ" என்று வெளியிட்டார். அக்கதைகளின் சுவை, விதிகள் ஒன்றோடொன்று மோதும்போது ரோபோ எப்படித் தடுமாறுகிறது என்று துப்புத் துலக்குவதில்தான் இருக்கிறது. 2004-ல் இதே பெயரில் வந்த படத்தில் ஆயிரக்கணக்கான ரோபோக்கள் நெஞ்சில் சிவப்பு விளக்கெரிய மனிதர்கள்மேல் பாய்கின்றன. வேறு பெயரில் எழுதப்பட்டிருந்த ஒரு திரைக்கதைக்குப் பின்னர் அசிமோவின் தலைப்பைச் சூட்டினார்கள் என்பதை அறிந்தால் வியப்பு அடங்கிவிடும். எதை மறுக்க அவர் எழுதினாரோ அதையே அவர் பெயரால் விற்றார்கள். இப்படத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தாள் செலவழிக்க வேண்டியதில்லை.

சிலந்தியும் புறாவும்

இனிச் சொல்லப்போவது அப்படித் தள்ளிவிட முடியாத படம். அமெரிக்க எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக் 1968-ல் "ஆண்ட்ராய்டுகள் மின்சார ஆடுகளைக் கனவு காணுமா?" என்ற பொருள்படும் விசித்திரமான தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். அதைத் தழுவி ரிட்லி ஸ்காட் இயக்கிய "பிளேட் ரன்னர்" 1982 ஜூன் மாதம் வெளிவந்தது. டிக் அதே ஆண்டு மார்ச்சில் காலமாகிவிட்டதால் முழுப் படத்தையும் பார்க்கவில்லை.

நாவலில் அணுப்போருக்குப் பின் உலகெங்கும் கதிரியக்கத் தூசி. விலங்குகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. உயிருள்ள விலங்கொன்றை வளர்ப்பதே மனிதத் தன்மைக்கு அடையாளமாகக் கருதப்படுகிறது. டெக்கார்டு என்ற காவல்துறை ஆளுக்கு அவ்வளவு வசதியில்லை. மொட்டை மாடியில் ஒரு மின்சார ஆட்டை வைத்துக்கொண்டு, அண்டைவீட்டாருக்குத் தெரியாமல் காலந்தள்ளுகிறான். செவ்வாயிலிருந்து தப்பிவந்த ஆண்ட்ராய்டுகளைக் கொன்றால் தலைக்கு 1,000 டாலர். அந்தப் பணத்தில் உண்மையான ஆடு வாங்க வேண்டும் என்பது அவன் கனவு. செயற்கை மனிதரைக் கொன்று இயற்கை விலங்கை வாங்குவது! டிக்கின் கசப்பான நகைச்சுவை இது. படத்தில் இந்த ஆடு காணாமற்போய்விட்டது. அதனோடு நகைச்சுவையும் போய்விட்டது.

ஆண்ட்ராய்டு சதையும் இரத்தமுமாக, பார்வைக்கு மனிதரைப் போலவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு வாய்ட்-காம்ப்ஃப் என்று பெயர். கன்னத்தில் ஒரு தகட்டை ஒட்டி, நுண்குழாய்கள் விரிந்து முகம் சிவப்பதை அளக்கிறார்கள். கண்ணில் மெல்லிய ஒளியைப் பாய்ச்சி, கண் தசையின் இறுக்கத்தை அளக்கிறார்கள். விலங்குகள் துன்புறும் நிகழ்ச்சிகளைக் கேள்வியாகச் சொன்னால், பிறர் துன்பத்தைத் தன்னுடையதாக உணரக்கூடிய மனிதனின் முகம் தன்னையறியாமல் மாறும். ஆண்ட்ராய்டின் முகம் ஒரு கணம் தாமதித்து மாறும்.

இயற்பியல் கூடத்தில் முதலில் கற்பிப்பது, கருவி அளப்பது வேறு, நாம் அறிய விரும்புவது வேறு என்பதுதான். வெப்பமானி அளப்பது பாதரசத்தின் நீளத்தை. வெப்பநிலையை நாம் ஊகித்தறிகிறோம். உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் வைத்து அளவு குறித்திருப்பதால் அந்த ஊகம் செல்லுகிறது. முகம் சிவப்பதை அளக்கும் கருவிக்கு எதில் வைத்து அளவு குறிப்பது? "இவர்கள் மனிதர்கள்" என்று நாம் முன்னமே முடிவு செய்துவிட்டவர்களில்தான். 1921-ல் அமெரிக்காவில் உருவான பொய் கண்டறியும் கருவிக்கும் இதே நோய். அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் அளக்கிறதேயன்றிப் பொய்யை அளப்பதில்லை. சம்மதமின்றி ஒருவரை இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது.

டிக் இந்த ஓட்டையை நன்றாக அறிந்திருந்தார். நாவலின் தொடக்கத்திலேயே டெக்கார்டின் மேலதிகாரி ஓர் ஐயத்தை எழுப்புகிறார். மனநோயாளிகளில் ஒரு சிறு பிரிவினர் உணர்ச்சி மழுங்கியவர்கள். அவர்கள் இச்சோதனையில் தேறமாட்டார்கள். அப்படி ஒருவரைச் சுட்டுவிட்டால்? பிணத்தின் எலும்பு மச்சையை ஆராய்ந்த பிறகுதான் செத்தது மனிதன் என்று தெரியவரும். இந்த ஐயம் நாவல் முழுவதும் நிழலாகத் தொடர்கிறது. படத்திலோ கருவி தவறே செய்வதில்லை. ரேச்சல் என்ற பெண்ணைக் கண்டுபிடிக்க நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் தேவைப்படுகின்றன, ஆனாலும் கண்டுபிடித்துவிடுகிறது. சோதனையே சரியா என்ற கேள்வி வெட்டப்பட்டு, சோதனை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

ஆயுள் விஷயத்தில் மட்டும் படம் நாவலை மிஞ்சிவிட்டது. இரண்டிலும் ஆண்ட்ராய்டுகளுக்கு நான்காண்டு ஆயுள்தான். நாவலில் அதற்குக் காரணம், செல்கள் தேய்ந்தால் புதுப்பிக்க வழி தெரியாமை. படத்தில் காரணம் வேறு. நாளடைவில் அவற்றுக்குச் சொந்த உணர்ச்சிகள் வளர்ந்துவிடும் என்று அஞ்சி, செய்த நிறுவனமே நான்காண்டில் சாகும்படி அமைத்துவிடுகிறது. அதாவது, அவை உணரத் தொடங்கும் என்று நிறுவனத்துக்கு முன்பே தெரியும். இந்தச் சிறு மாற்றத்தால் தொழில்நுட்பக் குறை, ஒரு குற்றமாகிவிட்டது. ராய் என்ற ஆண்ட்ராய்டு தன்னை உண்டாக்கியவரைத் தேடிச் சென்று இன்னும் வாழ்நாள் கேட்கும் காட்சியில், 1931-ல் ஊமையாக்கப்பட்ட அந்தப் பாத்திரம் 50 ஆண்டு கழித்துப் பேச்சைத் திரும்பப் பெறுவதைக் காண்கிறோம்.

ஆனால் பெரிய மாற்றம் வேறிடத்தில். நாவலில், மூளைத் திறன் குறைந்தவன் என்று ஒதுக்கப்பட்ட இசிடோர் என்பவன் ஆண்ட்ராய்டுகளுக்கு அடைக்கலம் தருகிறான். அவனுக்கு ஒரு சிலந்தி கிடைக்கிறது. பூச்சிகளும் அரிதாகிவிட்ட உலகில் அது புதையல். பிரிஸ் என்ற ஆண்ட்ராய்டு பெண், நான்கு கால்களில் அது நடக்குமா என்று பார்ப்பதற்காகக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு காலாக வெட்டுகிறாள். வெறுப்பினால் அன்று, வெறும் ஆர்வத்தால். படித்தவர்கள் அந்தப் பக்கத்தை மறக்க மாட்டார்கள். நாஜிகளைப் பற்றிய நாவலொன்றுக்காக ஆராய்ந்தபோது படித்த ஒரு ஜெர்மானியப் படையினனின் நாட்குறிப்பிலிருந்தே ஆண்ட்ராய்டு என்ற எண்ணம் தமக்கு வந்ததாக டிக் கூறியுள்ளார். பட்டினி கிடக்கும் குழந்தைகளின் அழுகையால் தன் தூக்கம் கெடுவதாக அவன் எழுதியிருந்தானாம். டிக்குக்கு ஆண்ட்ராய்டு என்பது வருங்கால இயந்திரமன்று. இரக்கம் வற்றிய மனிதன்.

படத்தில் எல்லாம் மறுதலை. ராய் கையில் வெண்புறாவோடு, மழையில், தன்னைக் கொல்ல வந்த டெக்கார்டைக் கைதூக்கிக் காப்பாற்றிவிட்டு, தன்னோடு அழியப்போகும் நினைவுகளைப் பற்றிச் சில சொற்கள் பேசி உயிர் விடுகிறான். ருட்கர் ஹாவர் என்ற டச்சு நடிகரின் நடிப்பு கல்லையும் கரைக்கும். நானும் கரைந்தவன்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், இது நாவலின் கேள்வியைவிட எளிய கேள்வி. நம்மைப் போலவே உணரும் ஒருவனுக்கு நாம் இரங்க வேண்டுமா? இரங்கத்தான் வேண்டும், விடை கையிலேயே இருக்கிறது. சிலந்தியின் காலை வெட்டும் ஒருத்திக்கும் இரங்க வேண்டுமா, அவளைக் கொல்லும் வேலை கொல்பவனை என்ன ஆக்குகிறது என்பதுதான் டிக் கேட்டது. அதற்கு விடை எளிதில் கிடைக்காது.

இன்னொரு பாத்திரத்தையும் படம் விட்டுவிட்டது. நாவலில் ஃபில் ரெஷ் என்று ஒரு வேட்டைக்காரன்; கொல்வதில் இன்பம் காண்பவன். இவன் ஆண்ட்ராய்டாகத்தான் இருக்க வேண்டும் என்று டெக்கார்டும் நினைக்கிறான், வாசகரும் நினைக்கிறார். சோதித்தால் மனிதன் என்று முடிவு வருகிறது. அதே நேரத்தில் தன்னைச் சோதித்துக்கொள்ளும் டெக்கார்டுக்கு, ஆண்ட்ராய்டு பெண்களிடம் தனக்கு இரக்கம் சுரப்பது தெரிகிறது. தொழிலுக்கு உதவாத இரக்கம்! நாவலின் முதுகெலும்பு இந்த இடந்தான். படமோ இதற்குப் பதில், டெக்கார்டே செயற்கை மனிதனோ என்ற புதிரை வைத்தது. 1992-ல் வெளியிட்ட திருத்திய பதிப்பில் ஒற்றைக் கொம்புக் குதிரையைக் கனவில் ஓடவிட்டு அப்புதிரை மேலும் முறுக்கினார்கள். ரசிகர்கள் இன்றும் அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் "அவன் எவன்?" என்று துப்பறிவதில் மூழ்கிவிட்டால், "மனிதன்தான், ஆனால் இப்படி இருக்கிறானே" என்ற திடுக்கிடல் போய்விடுகிறது.

சோதனைக்கு உட்படுவது யார்?

இதெல்லாம் கதைதானே என்று மாணவ வாசகர்கள் நினைக்கலாம். 1950-ல் ஆலன் டூரிங், தாளில் எழுதிப் பேசும்போது இயந்திரத்தையும் மனிதனையும் பிரித்தறிய முடியாவிட்டால் அதைச் சிந்திக்கும் இயந்திரம் என ஏற்கலாம் என்றார். 1966-ல் வைசென்பாம் எழுதிய எலைசா என்ற எளிய நிரல், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடுவதன்றி ஒன்றும் அறியாதது. அவருடைய அலுவலகச் செயலாளரே அதனோடு தனியாகப் பேச வேண்டும், சற்று வெளியே இருங்கள் என்றாராம். 2022-க்குப் பிறகு வந்த உரையாடல் நிரல்கள் தமிழிலும் கட்டுரை எழுதுகின்றன. ஆக, இன்று சோதனைக்கு உட்படுவது இயந்திரம் மட்டுமன்று. இது மனிதர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. மாணவர்களின் கட்டுரைகளை அவற்றில் போட்டுப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை அவை பெரும்பாலும் சரியாக மனிதர் எழுதியவை என்றன. பிறமொழியினர் ஆங்கிலத் தகுதித் தேர்வுக்காகத் தம் கையாலேயே எழுதிய கட்டுரைகளிலோ, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தின. காரணம் எளிது. அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று எளிதில் ஊகிக்க முடிந்தால் அது இயந்திர நடை என்பது அக்கருவிகள் பலவற்றின் கணக்கு. குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு, இலக்கணம் பிழையாமல், கற்றுக்கொடுத்த வாக்கிய அமைப்பில் கவனமாக எழுதுபவன் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்கிறான். தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்பது விடைத்தாள் திருத்தும் எனக்குத் தெரியும். மேலதிகாரி கேட்ட கேள்வி இங்கே வந்துவிட்டது. இந்தத் தடவை நாவலில் அன்று, மதிப்பெண் பட்டியலில்.

நாவலின் கடைசிப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொலைகளை முடித்துவிட்டுப் பாலைவனத்தில் திரியும் டெக்கார்டு ஒரு தேரையைக் கண்டெடுக்கிறான். தேரை இனமே அற்றுப்போனது என்று எல்லோரும் நம்பும் காலம். பெட்டியில் வைத்து ஆசையோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். மனைவி அதைத் திருப்பிப் பார்த்து, வயிற்றில் உள்ள சிறிய மூடியைத் திறக்கிறாள், மின்சாரத் தேரை. அவன் களைத்துப்போய்ப் படுத்துத் தூங்கிவிடுகிறான். படத்தில் டெக்கார்டுக்கு மனைவியே கிடையாது. ஆகவே அவள் அடுத்துச் செய்வதையும் நாம் பார்க்க முடியாது. அவன் தூங்கியதும் அவள் கடைக்குத் தொலைபேசியில் பேசி, தேரைக்குத் தின்னக் கொடுப்பதற்காக ஒரு பவுண்டு செயற்கை ஈக்கள் அனுப்பச் சொல்கிறாள்.